இரண்டு மணிக்கு முன்னால் வரக் கூடாது

புதன்கிழமை ராகு காலம் பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை. எங்களுக்கு ஒதுக்கியிருந்த நேரம் இரண்டு மணி. வியாசர்பாடியிலிருந்து துறைமுகத்துக்கு நாற்பது நிமிடம். ஒன்றேகாலுக்குக் கிளம்பினால் சரியாக இருக்கும். ஆனால் ஒன்றேகால் ராகு காலத்துக்குள் வருகிறது. என் மனைவி பூரணி பத்தே முக்காலுக்கே வீட்டைப் பூட்டிவிட்டாள்.

கப்பல் பயணச்சீட்டின் முதல் வரியே சிவப்பு எழுத்தில் இருந்தது: ஒதுக்கிய நேரத்துக்கு முன்னால் முனையத்துக்குள் வரக் கூடாது. ஆட்டோவில் அதை அவளுக்கு வாசித்துக் காட்டினேன்.

“வந்தா என்ன, கடிச்சு வெச்சிருவாங்களா?” என்றாள். “வண்டி வர்றதுக்கு முன்னாடி ஸ்டாப்புல நிக்கறவன்தான்யா பாசஞ்சர். அப்புறம் வர்றவன்லாம் ஓடியாந்து தொங்கறவன்.”

அவள் மாநகரப் பேருந்தில் நடத்துநர். பதினோரு வருடமாக அவளுக்குப் பகல் வேலை. எனக்கு மாதவரத்தில் ஒரு குளிர்கிடங்கில் இரவு வேலை. மீனும் ஐஸ்கிரீமும் உருகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பொறியியல் படிப்பை மூன்றாம் வருடத்தில் விட்டவனுக்கு அதுதான் கிடைத்தது. நான் வீட்டுக்குள் நுழையும்போது அவள் கிளம்புவாள். வாசலில் இருபது நிமிடம் சேர்ந்து நிற்போம். அதுதான் எங்கள் இல்லறம். இரண்டு பேருக்கும் ஒரே நாளில் விடுப்பு கிடைத்தது கல்யாணத்தன்றும், என் அப்பா செத்த அன்றும்.

இந்தக் கப்பல் எங்களைப் போன்றவர்களுக்காகவே விடப்பட்டது. கடலில் ஏழு நாள், கரையில் ஒரு மணி நேரம். புதன் பிற்பகல் இரண்டரைக்குக் கிளம்பும். அடுத்த செவ்வாய் வரை தீவுகளைச் சுற்றும். பிறகு நடுக்கடலில் ஒரு வளையத்துக்குள் புகுந்து, தான் கிளம்பிய அதே புதன்கிழமை, காலை பதினொன்று நாற்பதுக்குத் துறைமுகத்துக்குத் திரும்பிவிடும். அதாவது கிளம்புவதற்கு ஏறக்குறைய மூன்று மணி நேரம் முன்னாலேயே வந்து சேர்ந்துவிடும். வளையம் எப்படி வேலை செய்கிறது என்று என்னைக் கேட்காதீர்கள். மூன்றாம் வருடத்தில் விட்டவன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

திரும்பி வந்தவர்களைக் கீழ்த்தளக் கூடத்தில் மூன்று மணி வரை உட்கார வைப்பார்கள். அதற்குள் கிளம்புகிறவர்கள் மாடி வழியாக ஏறிவிடுவார்கள். கப்பல் நகர்ந்த பிறகு கீழே இருப்பவர்களை வெளியே விடுவார்கள். வெளியே நின்று பார்த்தால், இரண்டு மணிக்கு உள்ளே போன ஆள் மூன்று மணிக்கு வெயிலில் கறுத்துப்போய் வெளியே வருவார். மறுநாள் வேலைக்குப் போகலாம். எந்த மேலாளரிடமும் கெஞ்ச வேண்டாம். பூரணிக்கு இந்தப் பயணம் தொழிற்சங்கக் குலுக்கலில் விழுந்தது.

சீக்கிரம் வரக் கூடாது என்பதற்குக் காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். சீக்கிரம் வந்தால் உங்களை நீங்களே பார்த்துவிடுவீர்கள்.

“பார்த்தா என்ன?” என்றாள் பூரணி. “கண்ணாடியில தெனம் பாக்கற மூஞ்சிதான?”

வாசல் காவலர் தடுத்தார். “ரெண்டு மணிக்கு மேலதான் உள்ள விடுவோம்.”

“அதுவரைக்கும் பாத்ரூமுக்கு எங்க போறது? உங்க பூத்துக்கா?”

படிக்கட்டில் தொங்கும் கல்லூரிப் பையன்களை உள்ளே தள்ளிய குரல் அது. காவலர் எங்கள் பெட்டிகளை வாங்கி வைத்துக்கொண்டு, மாடியில் இருந்த ஊழியர் கேன்டீனுக்கு அனுப்பினார். “ஜன்னல் பக்கம் போவாதீங்க” என்று மட்டும் சொன்னார். பூரணி தன் ஆரஞ்சு நிறத் தோள்பையைத் தரவில்லை. நடத்துநர் பையைக் கையிலிருந்து விட மாட்டாள்.

கேன்டீனில் யாரும் இல்லை. ஜன்னல் கண்ணாடிகள் முழுக்க நீலச் சாயம் பூசியிருந்தது. தரையைத் துடைத்துக்கொண்டிருந்த அம்மாளுக்கு ஐம்பது வயது இருக்கும். சட்டையில் பிலோமினா என்று பெயர் தைத்திருந்தது. எங்களைப் பார்த்ததும் துடைப்பானைச் சுவரில் சாத்தினாள்.

“ரெண்டு மணி கூட்டமா நீங்க? இன்னாத்துக்குமா இப்பவே வந்தீங்க?”

“ராகு காலம்க்கா.”

“சாமி கும்புடறவங்க இம்சையே இதான்” என்று சொல்லிவிட்டு டீ கொண்டுவந்து கொடுத்தாள். பூரணி பையிலிருந்து இரண்டு மாத்திரை எடுத்து டீயோடு விழுங்கினாள். ஒரு வருடமாக அவளுக்குத் தலைவலி. டீசல் புகை என்பாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஒரு கண்ணாடியின் மூலையில் உள்ளங்கை அளவுக்குச் சாயம் சுரண்டப்பட்டிருந்தது. பூரணி அதைப் பார்த்துவிட்டாள். பிலோமினாவும் அவள் பார்த்ததைப் பார்த்துவிட்டாள்.

“அத நான்தான் சொரண்டுனேன். போர் அடிக்குது, இன்னா பண்றது. நீ பாக்காத.”

சொன்னால் கேட்கிறவளா. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். நான் அவள் தலைக்கு மேலாகக் குனிந்து பார்த்தேன்.

கீழே ஒரே கப்பல் இரண்டு இடத்தில் நின்றது. ஒரே பெயர், ஒரே வெள்ளை, ஒரே இடத்தில் துரு. வலது பக்கம் இருந்தது கிளம்பப் போகும் கப்பல். இடது பக்கம் கயிறு கட்டிக்கொண்டிருந்தது அதே கப்பல், ஒரு வாரம் கழித்து. ஏணிப்பாலத்தில் ஜனங்கள் இறங்கத் தொடங்கியிருந்தார்கள். தொப்பி, தீவுகளில் வாங்கிய பாசிமணி, வெயிலில் தோல் உரிந்த குழந்தைகள்.

பூரணி எண்ணினாள். அவளால் எண்ணாமல் இருக்க முடியாது. “நூத்தி முப்பது... முப்பத்தொண்ணு... பாரேன், அந்தாளு லுங்கியோட எறங்கறான்...”

அப்புறம் நிறுத்தினாள்.

“தோ. நீ.”

என் பின்மண்டையில் அவ்வளவு முடி கொட்டியிருக்கிறது என்று எனக்கு அதுவரை தெரியாது. மேலிருந்து பார்த்தால் தெரிகிறது. நான் நடந்து போய்க்கொண்டிருந்தேன். என் பழைய நீலச்சட்டை. என் தோளில் அவளுடைய ஆரஞ்சுப் பை. நாங்கள் மேலே இருப்பது அவனுக்குத் தெரியும், தெரியாமல் இருக்க முடியாது. ஆனாலும் அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. தரையைப் பார்த்தபடி கூடத்துக்குள் போனான்.

அவன் பின்னால் ஒரு பெண் வந்தாள், பூரணி இல்லை. ஒரு குடும்பம் வந்தது. இரண்டு கிழவர்கள் வந்தார்கள். பூரணி நெற்றியைக் கண்ணாடியில் ஒட்டவைத்துக்கொண்டு பார்த்தாள். கடைசியில் பாலம் காலியானது. ஒருவன் குறுக்கே சங்கிலி மாட்டினான்.

“அறுநூத்திப் பதினொண்ணு” என்றாள். “ரைட் கொடுத்தாச்சு. நான் எறங்கல.”

“கூட்டத்துல விட்டிருப்ப.”

“பதினோரு வருஷமா எறங்கறவங்களப் பாக்கறதுதான்யா என் வேல. நான் எறங்கல.”

பிலோமினாதான் பேசினாள், துடைப்பானைப் பார்த்தபடி.

“சில பேரு எறங்க மாட்டாங்கமா. ஒவ்வொரு வாட்டியும் ஒண்ணு ரெண்டு பேரு. வயசானவங்க, நோயாளிங்க. ஏழு நாள்ல இன்னா வேணா ஆவும்ல.”

“எனக்கு முப்பத்தெட்டு வயசுக்கா.”

“நான் ஒண்ணும் சொல்லலமா.”

“சரி, நாங்க ஏறல. வீட்டுக்குப் போறோம்” என்றேன்.

பிலோமினா என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். “நீ எறங்கிட்டியே சார். எறங்குனவன் ஏறாம போனதில்ல. போன வருசம் ஒருத்தன் உன்ன மாதிரியே பாத்துட்டு ஓடனான். கேட்டாண்டயே ஆட்டோ இடிச்சு கால் ஒடஞ்சிச்சு. பக்கத்துல எந்த டாக்டரு இருக்காரு? கப்பல் டாக்டரு. ஸ்ட்ரெச்சர்ல வச்சு ஏத்திக்கினு பூட்டாங்க. அவன் எறங்குனப்பவே கட்டோடதான் எறங்குனான். அவனுக்குத்தான் மேலேர்ந்து தெரியல.”

“அப்ப நான்?” என்றாள் பூரணி. “நான் எறங்கல. நான் ஏறணும்னு ஒண்ணும் இல்லல்ல?”

பிலோமினா யோசித்தாள். “அது எனக்குத் தெரியாதுமா.”

பூரணி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டு ஐந்து. எழுந்தாள்.

“கீழ இருக்கான்ல? கேட்டுட்டு வந்துடறேன்.”

“உள்ள விட மாட்டாங்க.”

“நீங்க தொடைக்கப் போவீங்கல்ல?”

பிலோமினா முடியாது என்றாள், வேலை போய்விடும் என்றாள், மாதா சத்தியமாக முடியாது என்றாள். பிறகு இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தாள். “ஆறு வருசமா எறங்காதவங்கள எண்ணிக்கினே இருக்கேன். இன்னா ஆச்சுன்னு ஒருத்தரும் எனக்குச் சொன்னதில்ல. நீயாவது கேட்டுக்கினு வா. ரெண்டே நிமிசம்.”

நானும் எழுந்தேன். பிலோமினா கையைக் காட்டித் தடுத்தாள். “நீ ஒக்காரு சார். ஒரே ஆளு ரெண்டா எதிர்ல எதிர்ல நின்னா நல்லா இருக்காது. அசிங்கமா பூடும்.”

“ராகு காலம் பூரணி” என்றேன். அந்த நேரத்தில் சொல்வதற்கு எனக்கு வேறெதுவும் கிடைக்கவில்லை.

“அதான் வீட்டுலேந்து நல்ல நேரத்துல கெளம்பியாச்சே” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பத்து நிமிடம் ஆகியிருக்கும். நான் அவள் குடித்த டீ டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். படிக்கட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. அவள் சிரிப்பு.

“வீல்சேர்யா!” என்று கத்திக்கொண்டே வந்தாள். “கால் சுளுக்கிக்கிச்சாம். வீல்சேர் ஆளுங்கள கடைசியா வேற வழியில விடுவாங்களாம். இதுக்குப் போயி உயிரு போயி உயிரு வந்துச்சு.” வந்ததும் என் பின்மண்டையில் ஒரு தட்டு தட்டினாள். “பின்னாடி முடியே இல்லய்யா ஒனக்கு.”

“அவன் எப்படி இருக்கான்?”

“கண்ணெல்லாம் வீங்கிக் கெடக்கு. உப்புக் காத்தாம். ஜாலியா இருந்துச்சாம்.”

பிலோமினா சிலுவை போட்டுக்கொண்டாள். மூன்று பேரும் சிரித்தோம். நான்தான் அதிகமாகச் சிரித்தேன்.

இரண்டு மணிக்குக் கவுண்டரில் இருந்த பெண் எங்கள் சீட்டைப் பார்த்துவிட்டுக் கணினியைப் பார்த்தாள். பிறகு எழுந்து நின்று கைகூப்பினாள். “உங்களுக்கு பால்கனி ரூம் மாத்திக் குடுத்திருக்கோம் மேடம். எக்ஸ்ட்ரா எதுவும் இல்ல. கம்பெனியோட அன்பளிப்பு.”

“பாத்தியா?” என்றாள் பூரணி. “இதான்யா நல்ல நேரம்.”

கப்பலில் நான் அவள் காலைக் காவல் காத்தேன். அதைத் தவிர வேறெதுவும் செய்யவில்லை என்றே சொல்லலாம். முதல் நாளே அவளுடைய உயரமான செருப்பைப் பறித்துப் பெட்டியில் போட்டு, என் ரப்பர் செருப்பைக் கொடுத்தேன். அது அவளுக்கு இரண்டு அளவு பெரிது. படியில் ஏறும்போது ஒரு கை, இறங்கும்போது இரண்டு கை. ஈரத் தரை என்றால் நான் முன்னால் போய்க் காலால் தேய்த்துப் பார்ப்பேன்.

“யோவ், எப்படியும் சுளுக்கத்தான் போவுது. ஏன்யா இப்படி சாவடிக்கற?”

“லேசா சுளுக்கட்டும்னுதான்.”

நாங்கள் நிறையத் தூங்கினோம். பகலில் விழித்திருப்பது எப்படி இருக்கும் என்று எனக்கு மறந்துபோயிருந்தது. அவள் பக்கத்தில் ஒரு முழு மாலை நேரத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அவள் தூக்கத்தில் பேருந்து நிறுத்தப் பெயர்கள் சொல்வாள் என்பது எனக்கு அங்கேதான் தெரிந்தது. சாப்பாட்டுக் கூடத்துக்குள் போகிறவர்களை எண்ணுவாள். தினமும் காலையில் கட்டிலில் உட்கார்ந்து இரண்டு காலையும் ஆட்டிப் பார்த்து, “இன்னைக்காவது சுளுக்குமா?” என்பாள். கடைசி நாள் நெருங்க நெருங்க அது எங்களுக்குப் பெரிய வேடிக்கையாகிவிட்டது. தலைவலி இருந்தது. மாத்திரை போட்டாள். நான் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணி. பால்கனிக் கதவுக்கு ஒரு சின்ன வாசற்படி. அதைத் தாண்டி உள்ளே வந்துகொண்டிருந்தாள். நான் அவள் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரப்பர் செருப்பு படியைச் சரியாகத் தாண்டியது. நல்லது என்று நினைத்தேன்.

“தணி, தலை...” என்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

நிமிர்ந்து பார்ப்பதற்குள் விழுந்துவிட்டாள். கால் சுளுக்கவில்லை.

மருத்துவர் இளைஞர், மதுரைக்காரர். தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்திருக்கிறது என்றார். “ரொம்ப நாளாவே வீங்கியிருந்திருக்கும். தலைவலின்னு சொல்லிருக்காங்களா?”

“ஒரு வருஷமா.”

“ஒரு ஸ்கேன் எடுத்திருந்தா தெரிஞ்சிருக்கும் சார். ஆபரேஷன் பண்ணிருக்கலாம்.”

உடலைக் கொண்டுபோக முடியாது என்றார்கள். கப்பல் போய்ச் சேரப்போவது கடந்த புதன்கிழமைக்கு. அன்று அவள் கரையில் உயிரோடு இருக்கிறாள். ஒரே ஆள் ஒரே நாளில் ஒரே துறைமுகத்தில் உயிரோடும் பிணமாகவும் இருப்பதற்கு அரசாங்கத்தில் படிவம் இல்லை. அதனால் கடலில் விட்டார்கள். நான்கு பேர் வெள்ளைச் சீருடையில் வந்தார்கள். பழகிய கைகள். நான் என் ரப்பர் செருப்பை அவள் காலிலிருந்து கழற்றவில்லை.

அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. கால் சுளுக்கவில்லை என்றால், கூடத்தில் இருந்தவன் பொய் சொல்லியிருக்கிறான். அந்தக் கூடத்தில் உட்காரப் போகிறவன் நான். அவள் என்னிடம் வந்து கேட்கப் போகிறாள்.

இரண்டு நாள் நான் ஒரே வாக்கியத்தை மனப்பாடம் செய்தேன். ஏறாதே, ஆஸ்பத்திரிக்குப் போ, தலையை ஸ்கேன் எடு. குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். வாய் கோணாமல் சொல்ல வந்தது.

பதினொன்று நாற்பது. நீலச்சட்டைதான் கையில் கிடைத்தது, போட்டுக்கொண்டேன். ஆரஞ்சுப் பையை மாட்டிக்கொண்டு பாலத்தில் இறங்கினேன். மேலே ஒரு நீல ஜன்னலில் உள்ளங்கை அளவு ஓட்டை இருக்கிறது, அதற்குப் பின்னால் அவள் உயிரோடு நூற்று முப்பத்தொன்று என்று எண்ணுகிறாள். அன்று அவன் ஏன் நிமிர்ந்து பார்க்கவில்லை என்று அப்போது புரிந்தது. முடியாது. அவ்வளவுதான்.

கூடத்தில் மேஜை போட்டு ஒருவன் உட்கார்ந்திருந்தான். என் சீட்டை வாங்கினான்.

“ரெண்டு பேர்ல ஒருத்தர்தான் இருக்கீங்க.”

“அவ செத்துட்டா.”

“சாரி சார்.” தட்டினான். “ரூம் நம்பர்?”

“தொள்ளாயிரத்து ரெண்டு.”

“இல்லயே, சாதா ரூம்தான காட்டுது... ஓ. இப்பதான் நான் போடணும்.” இன்னும் இரண்டு தட்டு தட்டினான். “பால்கனி மாத்தியாச்சு சார். கவுண்டர்ல காட்டிரும்.”

கவுண்டர் பெண் பூரணியைப் பார்த்து எழுந்து நின்று கைகூப்பியது ஞாபகம் வந்தது.

“இறப்புச் சான்றிதழ்?” என்றேன்.

“அதுக்கு நீங்க திங்கக்கெழம பத்து மணிக்கு மேல வரணும். இப்ப குடுக்க முடியாது சார்.” குரலைத் தாழ்த்தினான். உண்மையிலேயே வருத்தப்பட்டான் என்றுதான் நினைக்கிறேன். “இப்ப அவங்க உயிரோட இருக்காங்க.”

கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். சுற்றிலும் ஜனங்கள் கழுத்துத் தலையணையோடு தூங்கிக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டு பத்துக்குத் துடைப்பான் அறைக் கதவு திறந்தது.

பிலோமினா வாளியோடு வந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் பூரணி. உயரமான செருப்பு. தலையில் காலையில் வைத்த மல்லி இன்னும் வாடவில்லை. தோளில் ஆரஞ்சுப் பை. என் மடியிலும் அதே பை.

“யோவ்” என்றாள் மெதுவாக. “எங்கய்யா நான்?”

வாக்கியம் தயாராக இருந்தது. வாயைத் திறந்தேன்.

“கால்” என்றேன்.

“காலா?”

“சுளுக்கிக்கிச்சு. வீல்சேர். வீல்சேர் ஆளுங்கள கடைசியா வேற வழியில விடுவாங்க.”

அவள் முகம் எப்படி மாறியது என்று நான் எழுதப் போவதில்லை. நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல் குலுங்கிச் சிரித்தாள். “சனியனே, ஜாலியாவாவது இருந்துச்சா?”

“இருந்துச்சு.”

“அழுதியா? கண்ணு வீங்கியிருக்கு.”

“உப்புக் காத்து.”

“சரி, மேல ஒருத்தன் பேதியாகி ஒக்காந்திருப்பான். போய்ச் சொல்றேன்.” போகிற வழியில் குனிந்து என் பின்மண்டையைப் பார்த்தாள். “பின்னாடி முடியே இல்லய்யா ஒனக்கு.” மல்லி வாசனை வந்தது. கதவு சாத்திக்கொண்டது.

அந்தச் சுளுக்கைக் கண்டுபிடித்தது யார் என்று பல தடவை யோசித்துவிட்டேன். நான் அவளிடம் சொன்னேன். எனக்கு அதைச் சொன்னவள் அவள். யாருமே கண்டுபிடிக்காத பொய் அது.

நடந்ததை மாற்ற முடியாது என்பதால் சொன்னேன் என்று சொல்லிக்கொள்ளலாம். பிலோமினா சொன்னது இறங்கியவர்களுக்கு. இறங்காதவளுக்கு என்ன விதி என்று அவளுக்கே தெரியாது. மாற்ற முடியாது என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் உண்மையைச் சொன்னாலும் ஒன்றும் கெட்டிருக்காதே. ஏன் சொல்லவில்லை? அவள் ஏறாமல் போனால், அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் நான் என்ன ஆவேன் என்று பயந்தேன். அது ஒன்று. இன்னொன்று, எனக்கு அந்த ஐந்து நாட்கள் வேண்டியிருந்தன. அவள் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பிழைத்திருந்தால் மறுபடியும் வாசலில் இருபது நிமிடம் நின்றிருப்போம், நாற்பது வருடத்துக்கு. அதைவிட ஐந்து நாள் பெரிது என்று நான் முடிவு செய்தேன். அவளைக் கேட்காமல். இதில் எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

இரண்டரைக்குக் கப்பல் ஊதியது. அதில் நான் இருந்தேன். அவளும் இருந்தாள். தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து கைதட்டினார்கள்.

மூன்று மணிக்கு வெளியே விட்டார்கள். வாசலில் பிலோமினா நின்றிருந்தாள். வீல்சேர் எதையும் அவள் பார்த்திருக்க மாட்டாள். என் முகத்தைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளிடமும் சுளுக்கு என்றுதான் சொல்லியிருப்பேனோ என்னவோ.

வியாழக்கிழமை டிப்போவிலிருந்து போன் வந்தது. பூரணி ஏன் வேலைக்கு வரவில்லை, லீவு லெட்டர் எங்கே என்று கேட்டார்கள். வெள்ளிக்கிழமை வந்தவாசியிலிருந்து அவள் அம்மா பேசினார்.

“மாப்ள, கப்பல்லேந்து அன்னிக்கே வந்துருவோம்னு சொன்னா. போனையே எடுக்க மாட்டேங்கறா. எங்க அவ?”

“கப்பல்ல இருக்காம்மா.”

“நீங்க வந்துட்டீங்க, அவ வரலியா?”

“திங்கக்கெழம சொல்றேம்மா.”

“என்னமோ போங்க. நல்லா இருக்காளா?”

“நல்லா இருக்கா” என்றேன். அது பொய் இல்லை.

நடுக்கடலுக்குச் செய்தி போகாது. வளையம் கலைந்துவிடும் என்று கப்பலுக்கு வெளியிலிருந்து எதையும் அனுமதிப்பதில்லை. கேட்டுப் பார்த்தேன். இரண்டு தடவை கேட்டேன். மூன்றாவது தடவை கேட்கவில்லை.

இன்று ஞாயிறு. நாலு மணி இருபது நிமிடம். எனக்குத் தெரியும், இந்த நேரத்தில் நாங்கள் ஒரு தீவில் கலங்கரை விளக்கத்தின் உச்சியிலிருந்து இறங்கிக்கொண்டிருக்கிறோம். நூற்று நாற்பது படி. நாலரைக்கு ராகு காலம் தொடங்குகிறது, அதற்குள் படகில் ஏறிவிட வேண்டும் என்று அவள் என் ரப்பர் செருப்பில் சடசடவென்று ஓடுகிறாள். நான் பின்னாலேயே ஓடி அவள் கையைப் பிடிக்கிறேன். உதறுகிறாள்.

“விடுய்யா” என்கிறாள். “காலுக்கு ஒண்ணும் ஆவல.”